ஒரு மார்கழி முழுக்க ஒரே பாடகர்: சென்னை சீசனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டிசம்பர் சீசனுக்கு முதல் முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள். பத்து நாளில் முப்பது பாடகர்கள். ஊர் திரும்பிய பிறகு கேட்டால், நல்லதொரு காம்போதி ராகம் கேட்டது நினைவிருக்கும்; பாடியது யார், கச்சேரி நடத்திய எந்த சபாவில் என்பது குழம்பிப் போயிருக்கும்.

இதைவிடப் பலன் தரும் வழி, பிடித்த பாடகர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் அந்த மாதம் பாடும் கச்சேரிகளில் ஐந்தையாவது தொடர்ந்து கேட்பது. அரங்கமும் பக்கவாத்தியமும் மாறினாலும் குரல் ஒன்றுதான். அப்போதுதான் எது அவர் வீட்டில் தீர்மானித்துக்கொண்டு வந்தது, எது மேடையில் அந்த நிமிடம் பிறந்தது என்பது பிரிந்து தெரியும். கர்நாடக சங்கீதத்தில் மனோதர்மம் என்று எல்லாரும் சொல்வதை நேரடியாகக் காதால் உணர இதைவிட நல்ல வழி கிடையாது.

முதலில் தேதி, பிறகு அட்டவணை

வெளியூர்க்காரர்கள் இடறி விழுவது இங்கேதான். சபாக்களின் நிகழ்ச்சி நிரல் நவம்பரில்தான் ஒவ்வொன்றாக வெளிவரும். சிலது டிசம்பர் பிறந்த பிறகு வரும். ரயில் முன்பதிவோ பயணத் தேதிக்கு 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் வாரத்துக்கான டிக்கெட் அக்டோபர் கடைசியிலேயே விற்பனைக்கு வந்துவிடும். நிரலைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம் என்று இருந்தால் காத்திருப்போர் பட்டியல்தான் மிச்சம். ஆகவே டிசம்பர் 18 முதல் 28 வரை என்பதுபோல ஒரு பத்து நாளைக் குத்துமதிப்பாக வைத்து முதலில் பயணத்தைப் பதிவு செய்யுங்கள். மியூசிக் அகாடமியின் விழா டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 1 அன்று விருது வழங்கும் சதஸோடு முடியும். மற்ற பெரிய சபாக்களிலும் அந்த நாட்களில் கச்சேரி இருக்கும். உங்கள் பாடகர் அந்தப் பத்து நாளுக்குள் பல முறை பாடுவார் என்று நம்பிப் போகலாம்.

தங்குவதற்கு மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டைப் பக்கம் பாருங்கள். அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையில் இருக்கின்றன. பாரதிய வித்யா பவன் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் கிழக்கு மாட வீதியில். மயிலாப்பூர் பைன் ஆர்ட்ஸ் கிளப்புக்கும் அங்கிருந்து அதிக தூரமில்லை. கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் தியாகராய நகரில். தி.நகருக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே உள்ளது ஐந்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் மாலை ஆறு மணிக்கு அதைக் கடக்க முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நான்கு மணிக் கச்சேரியை தி.நகரில் முழுக்கக் கேட்டுவிட்டு ஆறரை மணிக் கச்சேரிக்கு ஆழ்வார்பேட்டையில் உட்காரலாம் என்ற திட்டம் காகிதத்தில் மட்டும்தான் நடக்கும்.

நிரல்கள் வெளிவந்ததும் உங்கள் பாடகர் பெயருக்கு நேரே ஐந்து தகவல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், சபா, கச்சேரி உண்மையில் நடக்கும் அரங்கம், பக்கவாத்தியக்காரர்கள். சபாவும் அரங்கமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. சொந்தக் கட்டடம் இல்லாத சபாக்கள் வேறு அரங்கத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும். சபாவின் பெயரை மட்டும் ஆட்டோக்காரரிடம் சொல்லி அதன் அலுவலக வாசலில் போய் இறங்குகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. பாடகர்கள் பலர் தங்கள் சமூக வலைப் பக்கத்தில் மொத்த அட்டவணையையும் ஒரே படமாகப் போடுகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு சபாவின் நிரலோடு ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள்.

எந்த ஐந்து?

எட்டு கச்சேரி இருக்கிறதென்று எட்டுக்கும் போக வேண்டாம். ஒரு நாள் இடைவெளி விட்டுக் கேட்டால்தான் முந்தின கச்சேரி மனத்தில் அடங்கும். தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது வயலினும் மிருதங்கமும். ஒரே வயலின் வித்வானோடு மூன்று, வேறொருவரோடு இரண்டு என்று அமைந்தால் மிக நல்லது. சொற்கள் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் பாடகர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு வயலின் திருப்பித் தருவது எதுவோ, அதைக் கேட்டுத்தான் பாடகரின் அடுத்த யோசனை பிறக்கும். மிருதங்கக்காரர் மாறினால் பாட்டின் நடையே மாறிப்போவதையும் கேட்கலாம்.

அடுத்தது அரங்கம். அகாடமியில் பாடுவதற்கென்று ஒரு கட்டுக்கோப்பு உண்டு. அங்கே பெரிய ராகங்களும், ஒரே வரியை எடுத்து விரிவாகப் பாடும் கனமான பல்லவியும் எதிர்பார்க்கலாம். சிறிய அரங்கத்தில் அதே பாடகர் கொஞ்சம் தளர்ந்து, புதிய உருப்படிகளை, அதாவது பாட்டுகளை, சோதித்துப் பார்ப்பார். பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்துக்காகப் பாடினால் அதைத் தவறவிடாதீர்கள். அங்கே முழுக் கச்சேரியும் தமிழ்ப் பாட்டுதான். தெலுங்குக் கீர்த்தனைகளை வைத்தே கச்சேரியைக் கட்டிப் பழகியவர், கச்சேரியின் முக்கிய உருப்படியான மெயினுக்குத் தமிழில் எதை எடுக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையம் அருகிலேயே இருப்பதால் போய்வருவதும் சிரமமில்லை.

காலைக் கச்சேரி ஒன்றாவது பட்டியலில் இருக்கட்டும். குரலில் சோர்வு இருக்காது, கூட்டமும் அமைதியாக உட்காரும்.

டிக்கெட்டும் இருக்கையும்

பிற்பகல் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். மாலை வேளைக்குக் கட்டணம் உண்டு. பெரிய சபாக்களில் முன்வரிசைகள் உறுப்பினர்களுக்கும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் போய்விடும். மீதிதான் தினசரி டிக்கெட். நிரல் வெளிவந்த அன்றே விற்பனை எப்போது, இணையத்திலா நேரிலா என்று சபா அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாடகருக்காக வருகிறவர்கள் சீசன் டிக்கெட் வாங்குவது வீண். தினசரி டிக்கெட் போதும்.

இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால், மேடையைப் பார்த்து உட்காரும்போது நடுப்பகுதிக்குச் சற்று இடது பக்கமாக, ஆறாவது வரிசைக்கும் பன்னிரண்டாவது வரிசைக்கும் இடையில் பாருங்கள். பாடகர் வலது தொடையில் தாளம் போடுவார். அந்தக் கை உங்கள் பக்கம் இருக்கும். புதிதாகக் கேட்பவர்களுக்கு அந்தக் கைதான் பாதிப் பாடம். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலது கை வாசிக்கும் முகம், சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் மிருதங்கக்காரர் வழக்கமாகப் பாடகரின் வலப்புறம், வயலின் இடப்புறம். இடது கைப் பழக்கமுள்ள மிருதங்கக்காரர் வந்தால் இரண்டும் இடம் மாறும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். அவருக்காக அந்தக் காலத்தில் மேடையே மாறி அமைந்தது. முதல் இரண்டு வரிசை இலவசமாகவே கிடைத்தாலும் வேண்டாம். ஒலிபெருக்கியின் சத்தம் தலைக்கு மேலே போய்விடும். மிருதங்கம் நேராகக் காதில் விழுந்து குரலை அமுக்கும்.

சால்வையோ ஸ்வெட்டரோ கட்டாயம். ஏசி அரங்கத்தில் இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் நடுங்கும். வெளியே டிசம்பர் மழை இருக்கலாம் என்பதால் குடையும் சேர்த்து. கேன்டீனில் பகல் இலைச் சாப்பாட்டுக்கு பன்னிரண்டரைக்கு மேல் வரிசை நீளும். பதினொன்றே முக்காலுக்குப் போய்விட்டால் நிம்மதி. மாலைக் கச்சேரிக்கு முன்னால் டிபனை அரை மணி முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பாட்டு நடுவில் கதவு திறக்கும் சபாக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தாமதமாக வந்தால் உருப்படி முடியும்வரை வெளியே நிற்க வேண்டியதுதான்.

குறிப்பேடு

பாடகரைத் தொடர்வதில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. கைக்கடக்கமான கோடு போட்ட நோட்டு, ஓசை வராத பேனா. போனில் குறிப்பெடுக்காதீர்கள், இருட்டில் அந்தத் திரை வெளிச்சம் பின்வரிசைக்காரர்களை வதைக்கும்.

பக்கத்தின் தலையில் தேதி, அரங்கம், பக்கவாத்தியம், பாடகர் ஆதாரமாக வைத்துக்கொள்ளும் சுருதி. சுருதியைக் கட்டையில் எழுதுங்கள்: ஒரு கட்டை என்றால் ஹார்மோனியத்தில் சி, ஐந்து கட்டை என்றால் ஜி. ஆண் குரல்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையைச் சுற்றி இருக்கும். பெண் குரல்கள் நாலரை, ஐந்து, ஐந்தரை. போனில் சுருதிப்பெட்டிச் செயலி இருந்தால், கச்சேரி தொடங்கும் முன் தம்பூரா மீட்டும்போதே ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். சீசன் பாதியில் ஒருவர் சுருதியை அரைக் கட்டை இறக்கியிருந்தால் தொண்டைக்கு ஓய்வு வேண்டியிருக்கிறது என்று ஊகிக்கலாம். அந்த ஊகம் உங்கள் நோட்டோடு நிற்கட்டும்.

அதன் கீழே ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு வரி: பாட்டின் முதல் சொற்கள், ராகம், தாளம், இயற்றியவர், மனோதர்மம். ஆலாபனைக்கு ஆ, பாட்டின் ஒரு வரியை விதவிதமாகப் பாடும் நிரவலுக்கு நி, ஸ்வரங்களையே கோத்துப் பாடும் கல்பனாஸ்வரத்துக்கு ஸ்வ, தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு த. இடது ஓரத்தில் கடிகார நேரம். மாலைக் கச்சேரி ஒன்றின் மெயின் உருப்படி நோட்டில் இப்படித்தான் இருக்கும்: 7.05 தோடி ஆ, 7.22 வயலின், 7.30 பாட்டு, 7.41 நி, 7.50 ஸ்வ, 8.02 த, 8.19 முடிவு. இந்த எண்களை இரண்டு கச்சேரிக்கு அருகருகே வைத்துப் பாருங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்றைய கச்சேரி வடிவத்தில், வர்ணத்தில் தொடங்கி மங்களம் வரை எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. அந்தச் சட்டத்துக்குள் உங்கள் பாடகர் நேரத்தை எங்கே செலவழிக்கிறார், எங்கே மிச்சம் பிடிக்கிறார் என்பது அப்போது தெரியும்.

ராகம் தெரியாவிட்டால் பதற வேண்டாம். கேள்விக்குறி போட்டு, எந்த ராகம் போல ஒலித்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். புதியவர்கள் குழம்பும் ஜோடிகள் கொஞ்சம்தான்: ஆரபியும் தேவகாந்தாரியும், தர்பாரும் நாயகியும், பந்துவராளியும் பூர்விகல்யாணியும். கடைசி ஜோடியைப் பிரிப்பது ‘த’ ஸ்வரமான தைவதம்: பந்துவராளியில் சுத்த தைவதம், பூர்விகல்யாணியில் சதுஸ்ருதி தைவதம். மேலே போகும்போது ‘பதபஸ’ என்று பஞ்சமத்துக்குத் திரும்பி ஷட்ஜத்தைத் தொட்டால் பூர்விகல்யாணிதான். ஆரபியில் ஸ்வரங்கள் விறுவிறுவென்று நேராக விழும். தேவகாந்தாரி அசைந்து அசைந்துதான் வரும்.

தாளத்துக்குப் பாடகரின் கையைப் பாருங்கள். ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்றால் ஆதி, எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் இரட்டிப்பாகப் போட்டால் இரண்டு களை. தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்றில் சுற்றினால் ரூபகம். விரலே எண்ணாமல் தட்டு மட்டும் போனால் சாபு: ஏழில் சுற்றினால் மிஸ்ரம், ஐந்தில் சுற்றினால் கண்டம்.

இயற்றியவரைக் கண்டுபிடிக்க, சரணத்தின் கடைசி வரிகளில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இயற்றியவர் தன் அடையாளமாக வைக்கும் சொல்லான முத்திரை அங்கேதான் வரும். தியாகராஜர் தன் பெயரையே வைப்பார். தீட்சிதருக்கு குருகுஹ, சியாமா சாஸ்திரிக்கு சியாமகிருஷ்ண, சுவாதித் திருநாளுக்கு பத்மநாப என்பதும் அதன் மாற்றுச் சொற்களும், முத்தையா பாகவதருக்கு ஹரிகேச, பாபநாசம் சிவனுக்கு ராமதாச. இந்த ஆறையும் மனப்பாடம் செய்துகொண்டால் சீசனில் கேட்கும் பாட்டுகளில் பெரும்பகுதிக்கு ஆசிரியர் பெயர் எழுதிவிடலாம்.

மனோதர்மப் பகுதிக்குத் தனியாக இரண்டு வரி விடுங்கள். ஆலாபனையில் முதலில் எந்த ஸ்வரத்தில் வந்து நின்றார்? தோடியென்றால் பஞ்சமத்தைத் தொடாமலே எவ்வளவு நேரம் சுற்றினார்? நிரவலுக்கு எடுத்த வரி எது? ஸ்வரத்தை எந்த இடத்தில் முடித்து வரிக்குத் திரும்பினார்? ஒரே ராகம் இரண்டாவது கச்சேரியில் மறுபடி வரும்போது இந்தக் குறிப்புகள் பேசத் தொடங்கும். போன தடவை காந்தாரத்திலேயே ஊஞ்சலாடியவர் இந்தத் தடவை மேல் ஷட்ஜத்துக்கு நேராகப் போயிருப்பார். நிரவல் வரியோ மாறாமல் இருக்கும். மாறாதது அவர் குரு வழி வந்த பாடம். மாறியது அன்றைய மனம். முதல் மூன்று கச்சேரி வரை இந்த வித்தியாசம் தெளிவாகப் பிடிபடாது. நான்காவதில் தானாகத் தெரியும், அதனால்தான் ஐந்து.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். மெயின் பாட்டின் தாளத்தை வைத்து மிருதங்கக்காரர் அந்த இடத்திலேயே கட்டுவதுதான் தனி. பாட்டைக் கேட்டவர்களுக்கு அது பாதியில் நிறுத்திய வாக்கியத்தின் மீதி. கூடவே தாளம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். கஞ்சிராவோ கடமோ சேர்ந்தால் இருவரும் மாறி மாறிக் குறைத்துக்கொண்டே வருவது குறைப்பு. அதன் பிறகு தனி முடியப் போவதைச் சொல்லும் மோஹரா. பிறகு மூன்று முறை வந்து, தாளம் தொடங்கும் சமத்திலோ பாட்டு தொடங்கும் எடுப்பிலோ சேரும் கோர்வை.

விருப்பப் பாட்டும் மேடைப் பின்புறமும்

விருப்பச் சீட்டு அனுப்பலாம், சபா அனுமதித்தால். தனி முடிந்து துக்கடாக்கள் எனும் சிறு பாட்டுகள் தொடங்கும் முன் அது மேடைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு சீட்டில் ஒரே பாட்டு. அதுவும் சிறியதாக, அவர் ஏற்கெனவே பாடி வருவதாக இருக்கட்டும். மணி ஒன்பதைத் தாண்டிய பிறகு பெரிய கீர்த்தனை கேட்டு எழுதுவது பாடகரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். பாடாமல் விட்டால் வருந்த வேண்டாம். மேடையில் இருபது சீட்டுகூடச் சேர்ந்திருக்கும்.

கச்சேரி முடிந்து மேடைப் பின்புறம் போனால் ஒரு நிமிடம் போதும். “தோடியில் இன்று பஞ்சமத்தை ஒதுக்கியே போனீர்களே, நன்றாக இருந்தது” என்று ஒரே வாக்கியம். அடுத்த நாள் காலையில் அவருக்கு வேறு கச்சேரி இருக்கலாம். தொண்டைக்கு ஓய்வு தேவைப்படும் நேரம் அது. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் தனித்தனியாக நன்றி சொல்லுங்கள்.

எழுதிப் பகிர்வது

நோட்டில் உள்ள பட்டியலை அன்றிரவே சுத்தமாகப் படியெடுங்கள். மறுநாள் பார்த்தால் உங்கள் கிறுக்கல் உங்களுக்கே புரியாது. பகிர்வதற்கு முன் கேள்விக்குறி உள்ளவற்றை ராகம் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுத் தீருங்கள். தீராவிட்டால் கேள்விக்குறியோடே போடுங்கள். தவறான ராகப் பெயர் ஒன்று இணையத்தில் ஏறினால் பத்துப் பேர் அப்படியே எடுத்துப் போடுவார்கள்; பிறகு அதுவே ஆதாரமாகிவிடும். பட்டியலில் பக்கவாத்தியக்காரர் பெயர் கட்டாயம், தம்பூரா மீட்டியவர் பெயர் தெரிந்தால் அதுவும். கடைசி நேரத்தில் மிருதங்கக்காரர் மாறுவது சீசனில் சாதாரணம். அழைப்பிதழைப் பார்த்து எழுதாமல் மேடையில் அறிவித்த பெயரை எழுதுங்கள்.

விமர்சனம் எழுதுவதானால் முந்நூறு சொல்லுக்குள் நிறுத்துங்கள். தேனாகப் பொழிந்தது, தெய்வீகமாக இருந்தது என்றெல்லாம் எழுதினால் வராதவர்களுக்கு எதுவும் தெரியாது. அன்றைய கச்சேரியில் ஒரே ஓர் இடத்தை எடுத்து விரித்து எழுதுங்கள்: எந்த ராகம், எந்த ஸ்வரம், வயலின் அதற்கு என்ன பதில் தந்தது. நேர்மையாகக் குறையும் சொல்லலாம். மேல் ஸ்தாயியில் குரல் நிற்கவில்லை என்று எழுதலாம். அவருக்கு உடம்பில் என்ன கோளாறு என்று ஆராய வேண்டாம். இன்னொரு பாடகரோடு ஒப்பிட்டு மார்க் போடவும் வேண்டாம். இதே பாடகரின் போன கச்சேரியோடு ஒப்பிடுங்கள். அதைச் செய்ய உங்களிடம் நோட்டு இருக்கிறது, மற்றவர்களிடம் இல்லை. ஒலி அமைப்பு மோசம் என்றால் அதைச் சபா செயலாளரிடம் அன்றே நேரில் சொல்லுங்கள். அடுத்த கச்சேரிக்காவது சரியாகும்.

ரகசியமாகப் பதிவு செய்வது கூடாது, அரை நிமிடத் துணுக்கு ஆனாலும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் மேடைக் கலைஞர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை தருகிறது. அவர் அனுமதி இல்லாமல் பதிவு செய்து பரப்பினால் அதை மீறுகிறீர்கள். அது போக, பரிசோதனையாகப் பாடிய ஒரு பல்லவி தடுமாறிய துணுக்காக ஊரெல்லாம் சுற்றினால், அடுத்த கச்சேரியில் அவர் துணிந்து எதையும் முயல மாட்டார். மறுபடி கேட்க வேண்டுமென்றால், கட்டண நேரலை தரும் சபாக்கள் இருக்கின்றன, அதை வாங்குங்கள். புகைப்படம் எடுக்கலாம் என்று சபா அறிவித்திருந்தால் பிளாஷ் இல்லாமல், முதல் உருப்படிக்குள் ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு போனை உள்ளே வைத்துவிடுங்கள்.

சென்னைக்கு வெளியே

சென்னை சீசன் முடிந்ததும் திருவையாறு. தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர், காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி. அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று, ஆராதனையில், காலை அவருடைய ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். மற்ற வேளைகளில் ஒவ்வொருவருக்கும் கால் மணி, இருபது நிமிடம்தான். உங்கள் பாடகருக்காக மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆராதனைக்காகப் போய் அவரையும் கேளுங்கள்.

முழுக் கச்சேரிக்கு நல்ல இடம் பெங்களூர். ராமநவமியையொட்டி சாமராஜ்பேட்டை போர்ட் உயர்நிலைப் பள்ளி வளாகத்துப் பந்தலில் ஸ்ரீராம சேவா மண்டலி ஒரு மாதம் நடத்தும் கச்சேரிகளில் நேரம் தாராளம். பல்லவியை விஸ்தாரமாகப் பாடுவார்கள். அதே ஏப்ரலை ஒட்டி, ஈஸ்டர் சமயத்தில், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குச் சில பாடகர்கள் போய்விடுவார்கள். பெங்களூர் தேதியைக் குறிக்கும் முன் அவர்கள் ஊரில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

நவராத்திரியில் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் உங்கள் பாடகருக்கு ஒரு நாள் கிடைத்தால், அந்தப் பயணத்துக்குத் தனியாகத் தயாராக வேண்டும். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி, பிறகு தோடி என்று ஒன்பது நாளுக்கும் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள் நிர்ணயிக்கப்பட்டவை. அன்றைய மெயின் ராகம் எது என்பது தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த ராகத்தை அவர் சென்னையில் பாடிய நாளின் குறிப்பைக் கூடவே எடுத்துப் போங்கள். ஆண்கள் வேட்டி கட்டி மேல்சட்டை இல்லாமல் அமர வேண்டும். ஆறு மணிக்குள் உள்ளே இருந்துவிடுங்கள். அங்கே எந்த இடத்திலும் கை தட்டக் கூடாது.